பொதுச் சோதனையில் ஒரு பட்டன்

ஆவுடையப்பன் வேலை பார்த்த கம்பெனியில் இணையப் பக்கங்கள் அறைகளாக இருந்தன. ஒவ்வொரு சோதனையும் ஒரு ஆள். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, "லோகோ இருக்கா? தலைப்பு சரியா?" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். லோகோ ஒரு விரற்கடை நகர்ந்தால் கட்டடம் முழுக்க ஓலம்.

டீம் லீட் ஆவுடையப்பன் இதற்கு ஒரு முடிவு கட்டினார். எல்லாக் கேள்விகளையும் ஒரே இடத்தில் வைத்தார். அந்த இடம், அந்தோணிராஜ் என்பவரின் வாய். இனி அவர் கேட்டால் எல்லோரும் கேட்ட மாதிரி. கேக் வெட்டினார்கள். ஆவுடையப்பன் கேக் காயும்வரை பேசினார்.

ஒரு சின்ன விஷயம். கேள்விகளை ஆவுடையப்பன் லாகின் அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தார். அதனால் 'லாகின் பட்டன் இருக்கா?' என்பதும் அவற்றில் சேர்ந்திருந்தது.

மதியத்துக்குள் கட்டணப் பக்கம் சோதனையில் தோற்றது. உதவிப் பக்கமும் தோற்றது. லாகின் பட்டன் இல்லையாம்.

"சார், அது லாகின் பக்கத்துல மட்டும்தான் இருக்கும். அந்த ஒரு கேள்விய அங்கயே வச்சிரலாம்," என்றாள் டீமில் இருந்த மெர்லின்.

"பொதுன்னா பொதும்மா. கேள்விய மாத்தாத. பக்கத்த மாத்து."

எல்லா அறைக்கும் பட்டன் வைத்தார்கள். கேன்டீன் சாம்பாருக்கும் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே அந்தோணிராஜைப் பயன்படுத்தத் தொடங்கியது. வசதியாகத்தான் இருந்தது.

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனபோது மனைவி சொர்ணவல்லி கதவைப் பாதிதான் திறந்தாள். தோசை வாசனை வந்தது. அவள் பின்னால் அந்தோணிராஜ் நின்றார்.

"தலைப்பு சரி. லோகோ சரி," என்றார், ஆவுடையப்பனின் மீசையைப் பார்த்து. "பட்டன் இல்ல."

"சொர்ணம், என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியுதுங்க. ஆனா ஆளாளுக்குத் தனியா பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மெர்லினுக்கு ஒரு போன் போட்டால் போதும், அந்தக் கேள்வியை எடுத்துவிடுவாள். ஆவுடையப்பன் போடவில்லை. தெருமுனைக்குப் போய் நெற்றியில் ஒரு பட்டன் பதித்துக்கொண்டு வந்தார். நீல நிறம். கம்பீரமாகத்தான் இருந்தது.

"டெஸ்ட் பாஸ்," என்று சொல்லிவிட்டு அந்தோணிராஜ் தோசைக்கு உட்கார்ந்தார். அவர் வேலை அதுவரைக்கும்தான்.

சொர்ணவல்லி நெற்றியை அழுத்தினாள். மார்பில் ஒரு கட்டம் திறந்தது.

"பாஸ்வேர்டு கேக்குது. என்னங்க போட?"

அவருக்கும் தெரியவில்லை. அவள் தன் பெயரைப் போட்டாள். தப்பு. மகள் பெயரைப் போட்டாள். தப்பு. கடைசியாக அவர் பெயரையே போட்டாள்.

கட்டம் சிவந்தது. 'கணக்கு பூட்டப்பட்டது' என்று ஆவுடையப்பனின் வாயே சொன்னது.

"பாத்தியா," என்றார் ஆவுடையப்பன், சொர்ணவல்லி சாத்திவிட்ட கதவைப் பார்த்து. "மூணாவது தடவைல கரெக்டா பூட்டிருச்சு."