வீங்கிய கன்னத்தின் குரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பல் பிடுங்கப்பட்டது எனக்குத்தான். மரத்துப்போன வாய் தெளிவதற்குள், டாக்டர் சொன்னபடி வயிற்றுக்கு ஏதோ ஆகாரம் போட்டுவிட்டு, வலி, வீக்கம் இரண்டுக்குமான மாத்திரையை விழுங்கினேன். கன்னத்தில் ஐஸ் வைத்தேன். பெரிதாக வலிக்கவே இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நஷ்டம் உண்டா? அதனால் பல்லை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

2

வலி ஒரு கடலைப் போல அவளை

(வேண்டாம். பல்வலிக்குக் கடலெல்லாம் ரொம்ப அதிகம்.)

அவள் டப்பிங் பேசுகிறவள். பேசுகிறவள் என்பதுகூடத் தப்பு. தொடர்களில் அழுவதற்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோவில் அவளுக்கு 'அழுகை அக்கா' என்றே பெயர். யார் யார் வாய்க்கோ விம்மியிருக்கிறாள். ஒரு முழு வசனம் கிடைத்ததில்லை.

பல் பிடுங்கிய மறுநாளும் வீங்கிய கன்னத்தோடு அழப் போனாள். தொடரில் பக்கவாதம் வந்த அம்மா பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறவர் அன்று வரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, இவள் வாய் குழற யாரிடமோ தண்ணீர் கேட்டாள். ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இந்தக் கொரலு! ஒடனே மைக் முன்னாடி வாங்க."

அம்மாவின் காட்சிகளில் பாதி முடிந்தது. மீதி மறுநாள்.

"வாய இப்படியே வச்சுக்கிட்டு வாங்க. கொரலு மாறிடுச்சுன்னா எடுத்தது எல்லாம் வீண்" என்று சொல்லி அனுப்பினார்.

3

அன்று சாயங்காலம் அவள் மாத்திரை போடவில்லை. ஐஸையும் தொடவில்லை.

தங்கை கஞ்சியோடு வந்தாள். "என்னக்கா, மாத்திரை அப்படியே கெடக்கு?"

"வீக்கம் வடிஞ்சா கொரலும் போயிடும்டி. இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் வாயத் தொறந்து நாலு வார்த்த பேசியிருக்கேன். ஒரு நாள்தானே, தாங்கிக்கறேன்."

"நல்லா தாங்குவே. கஞ்சியவே முழுங்க முடியல."

(அவள் தாங்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அவளுக்கு வலித்தால் எனக்குப் பக்கம் நிறையும். இந்தத் தொழிலில் ஈரநெஞ்சு வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.)

4

தங்கை பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வார்த்தையிலேயே தாடையிலிருந்து காது வரை சுரீரென்றது. வசனம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதே பழைய விம்மல், அதே பழைய வேலை.

என் திட்டத்தில் இது இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு

(பல்லைக் கடிக்கிற நிலையிலா இருக்கிறாள்?)

அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை முறைத்தாள். என்னைத்தான் முறைத்தாளோ என்று எனக்குத் திக்கென்றது.

"ஏண்டி, காலைல பேசினது யாரு? இந்த வீக்கமா? நான்தானே பேசினேன்?"

"அதத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன்" என்றாள் தங்கை. உண்மையில் அவள் அதைச் சொல்ல வரவே இல்லை.

"கஞ்சியக் குடு மொதல்ல. அப்புறம் மாத்திரை."

"விட்டதுக்கும் சேத்து ரெண்டாப் போட்டுடாத. ஒண்ணுதான்."

குடித்தாள். போட்டாள். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வசனத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதைக்கு நஷ்டம்தான், போகட்டும்.

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் குரல் ஒட்டாமல் வேறொருத்தியைக் கூப்பிடுகிறார்கள். இன்னொன்றில் கைதட்டல். இரண்டையும் அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாள் கன்னம் ஓரளவு வடிந்திருந்தது, நாக்கு தாராளமாகப் புரண்டது, அவள் மைக் முன்னால் போய் நின்றாள். அந்த அம்மா பேசுகிற இரண்டு வரிகள் இதோ. ஒன்று வீக்கத்தோடு பேசியது; இன்னொன்று மாத்திரைக்குப் பிறகு. சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

"கதவ... சாத்தாதப்பா. அவன்... வருவான்."

"வெளக்க... அணைக்காதப்பா. நான்... முழிச்சிருக்கேன்."

எது எது என்று கண்டுபிடித்துவிட்டால், தயவுசெய்து ஒலிப்பதிவாளரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.