பலகையில் ஒரு ஜோடிச் செருப்பு

ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் அவளுக்குச் செருப்பு அக்கா என்றுதான் பேர். வாடகைப் படகு எடுக்கிறவர்கள் செருப்பை அவளிடம் விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். பொழுது சாயும்போது பலகையில் ஒரு ஜோடி மிச்சமிருந்தால், யாரோ இன்னும் கரையேறவில்லை. அந்த ஜோடி போகும்வரை வாசல் விளக்கு எரியும். அவளும் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பாள்.

வருகிறவர்களுக்கு இந்த ஊர் வெறும் வாசற்படி. மூட்டையை இறக்குவார்கள், கூடாரமோ சைக்கிளோ துடுப்போ எடுத்துக்கொண்டு மலைக்கும் ஏரிக்கும் பறந்துவிடுவார்கள். அத்தனை பேரையும் அனுப்பிவைத்தவள் அக்கரையை மிதித்ததில்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப்போவதாகப் புருஷன் சொன்னதுதான். சீசனில் தலைக்கு மேல் வேலை; சீசன் முடிந்தால் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். இப்படியே தலை நரைத்தது.

போன வாரம் திரும்பிவந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள், "அங்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, கூழாங்கல்லுதான். ஆனா அங்கேருந்து பார்த்தா உங்க ஊரு அவ்வளவு அழகு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நித்தம் கூட்டிப் பெருக்குகிற இடத்தில் அப்படியென்ன அழகு? ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இன்று சீசனின் கடைசி நாள்.

"என்னங்க, இன்னைக்காவது போலாமா?"

துடுப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த புருஷன் சிரித்தார். "இக்கரைக்கு அக்கரை பச்சை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் பலகையில் இருந்த கடைசி ஜோடியை உரியவரிடம் கொடுத்தாள். புருஷன் டீ குடிக்கப் போனதும் தன் செருப்பைக் கழற்றி அதே இடத்தில் வைத்தாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒரு படகைத் தள்ளினாள்.

அக்கரையில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஊர் ஒரு கோடாகத் தெரிந்தது; எது வீடு, எது கடை என்று புரியவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று இருந்தது.

அப்போது கரையோரம் ஒரு விளக்கு எரிந்தது. கொட்டகை வாசல் விளக்கு. யார் யாருக்காகவோ அவள் ஏற்றிய விளக்கு. இங்கிருந்து பார்த்தால் அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. பலகையைப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

கண் நிறைந்தது. துடுப்பை எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள்.

"இருக்கட்டும். கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விளக்கைப் பார்த்தபடி கல்லின் மேல் உட்கார்ந்தாள்.