தாராவிக்கு வந்த போகி

அகில இந்தியத் தூயகாற்றுச் சங்கம் என்று டில்லியில் ஒன்று முளைத்தது. பம்பாய்க்கு அதன் தலைவர் மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன். தாராவியில் ஒரு கிளை இல்லாவிட்டால் அடிமட்டத் தொண்டர் படை என்று எப்படிப் பீற்றிக்கொள்வது? அதற்காகக் கனகவள்ளியைப் பிடித்துச் செயலாளர் ஆக்கி, சேலையில் பச்சை பேட்ஜ் ஒன்றைக் குத்திவிட்டார்கள்.

அவள் பேட்ஜுக்கு மயங்கிச் சேரவில்லை. மகள் தங்கமயிலுக்கு இழுப்பு. புகை பட்டால் பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும்.

அறுபத்தேழில், போகிக்கு யாரும் பழைய சாமானை எரிக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. அனந்தகிருஷ்ணன் தாராவிக்கு வந்து மைக்கைப் பிடித்துத் தொண்டை வற்றும்வரை புத்தி சொன்னார். கனகவள்ளியின் சந்து முழுக்கத் திருநெல்வேலிச் சீமை ஆட்கள். அவர்களுக்குப் போகிக்கு எரிக்கிற வழக்கமே கிடையாது. எரிப்பதெல்லாம் மாட்டுங்கா மாடிவீட்டுக்காரர்கள். எரிக்காதவனிடம் வந்து எரிக்காதே என்று உபதேசம்! கனகவள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும், புகை குறைந்தால் சரி என்று கைதட்டினாள்.

போகியன்று காலை அவள் சந்து முனையில் ஒரு லாரி வந்து நின்றது. மாட்டுங்கா வீடுகளின் கிழிந்த பாய், பிய்ந்த மெத்தை, சைக்கிள் டயர் எல்லாம் மலையாகக் குவிந்தன. பின்னாலேயே டாக்சியில் தலைவர், கையில் மண்ணெண்ணெய் டின்.

"என்ன சார் இது?"

"டில்லி செக்ரட்டரி இன்னிக்கு மாட்டுங்கா வரார்மா. அங்க பொட்டுப் புகை இருக்கப்படாது. இங்க எரிச்சா யாருக்குத் தெரியப்போறது?"

"எம்புள்ளைக்குத் தெரியும்லா?"

"ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

கனகவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கமயிலைத் தூக்கி வந்து, குவியலின் உச்சியில் கிடந்த மெத்தையில் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்பம் பத்த வையுங்க, பாப்போம்!"

சந்தே திரண்டுவிட்டது. தலைவர் ரயிலைத் தவறவிடப் போகிறவர் மாதிரி வாட்சைப் பார்த்தார், டாக்சிக்குள் நழுவினார்.

"இதை எங்க கொண்டு போட, அக்கா?" என்றான் லாரி டிரைவர் கலீலுல்லா.

"தலைவர் வாசல்லயே எறக்குங்க, தம்பி."

சந்து ஆட்கள் ஒரு துடைப்பத்தைக்கூட விடாமல் ஏற்றினார்கள்.

தலைவர் வீட்டில் டில்லி செக்ரட்டரி காபியை முடித்து வெளியே வந்தபோது, கேட்டை மறித்துக் கிடந்தது குவியல். மேலே கிடந்த மெத்தையில் பச்சை பேட்ஜ் குத்தியிருந்தது. கனகவள்ளி தன் ஆயுளில் கொண்டாடிய முதல் போகி அதுதான்.