இராசமலரின் நெற்றித் தழும்பு

வன்னியில், போரில் வெடித்த ஷெல் குண்டின் துண்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. உடம்பில் துண்டோடு திரிகிறவரை யாரும் ஒதுக்கமாட்டார்கள். வலிப்புக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த வீட்டில் சம்பந்தம் வைக்க ஊர் பத்துத் தரம் யோசிக்கும். இது குகதாசனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னான்.

அவனுடைய அக்கா இராசமலருக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. துணுக்காய் வீட்டுக் குசினியில் அடுப்புக் கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம் அவனுக்குக் கலியாணம் பேசியபோது, சிவதர்சினியின் தகப்பன் அந்தத் தழும்பு என்னவென்று கேட்டார்.

"கடைசிச் சண்டையில, மாத்தளனில ஷெல் பட்டது. துண்டு உள்ளுக்கை இருக்கு. அதாலதான் இடைக்கிடை விழுறவா," என்றான் குகதாசன். தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா தம்பியின் வாழ்வுக்காக அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டாள்.

கலியாணம் நடந்தது. பொய்யும் கூடவே குடிவந்தது. "மச்சாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்," என்று சிவதர்சினி எத்தனையோ தரம் சொன்னாள். குகதாசன் வயலைச் சாட்டினான், மழையைச் சாட்டினான். தலையைப் படம் பிடித்தால் துண்டு இல்லையென்று தெரிந்துபோகுமே.

இப்போது மகள் சாரங்காவுக்குப் பதின்மூன்று. ஒரு காலையில் கை திடீரென்று உதறிக் கோப்பையைப் போட்டுடைத்தாள். கவனமில்லை என்று ஏசினான். ஏசும்போதே அவனுக்கு நினைவுக்கு வந்தது; அக்காவும் இப்படித்தான் கோப்பை உடைத்தவள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை வலிப்பு வந்து விழுந்தாள்.

கிளினிக்கில் டொக்டர் ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம்; வலிப்பு உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. "சொந்தத்தில ஆருக்கும் வலிப்பு இருக்கோ?"

பக்கத்தில் சிவதர்சினி இருந்தாள். "இல்லை. அக்காவுக்கு ஷெல் பட்டதால வாறது," என்றான்.

அக்காவின் வட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவன் பேச்சை நம்பி எழுதிய மருந்தில் பிள்ளையின் உதறல் கூடியது. இரண்டு மாதத்தில் நான்கு தரம் விழுந்தாள்.

மறுபடி போனபோது டொக்டர் அதே தாளை விரித்தார். "இது பரம்பரையா வாற வகை மாதிரிக் கிடக்கு. அப்பிடியெண்டால் இந்த மருந்து உதறலைக் கூட்டும். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

குகதாசன் மனைவியைப் பார்க்கவில்லை. "அக்காவுக்குப் பதினாலு வயசில இருந்து இருக்கு, டொக்டர். ஷெல் படேல்லை."

டொக்டர் ஏசவில்லை. அந்த வட்டத்துக்குக் கறுப்படித்தார். "அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதுக்கு நல்ல மருந்து இருக்கு. கன பேர் விழாமலே இருக்கினம்."

பஸ்ஸில் சிவதர்சினி ஒன்றுதான் கேட்டாள். "அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் மாட்டனெண்டிருப்பனோ?" அவனுக்குத் தெரியாது. அவளிடம் கேட்டுப் பார்க்கவே இல்லையே.

அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கும் குளத்துக்கும் தனியே போகாதே என்று முப்பது வருடமாக மறித்ததில் அவளுக்கு முற்றம்தான் மிஞ்சியது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளைக்கு மருந்து மாற்றியாயிற்று என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு கை மிளகாயில் நின்றது.

"அப்ப எனக்கும் மருந்து இருந்ததோ, தம்பி?"

"ஓம், அக்கா."

"அப்பவே?"

"அப்பவே."

அவள் ஏசியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். அவள் மிளகாயைப் பரவி முடித்தாள்.

"அடுத்த கிளினிக் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் வாறன். நீ ஒண்டும் கதைக்காதை. நானே சொல்லுறன்."