பாதித் தட்டு

“கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?”

பக்கவாதத்தோடு யார் வந்தாலும் எங்கள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி இதுதான். பேர், ஊரெல்லாம் அப்புறம். அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் விழுந்த கை எழும்பலாம். தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போகலாம். அதனால் ஒருவர் சொன்னதோடு விடக் கூடாது, வீட்டில் இருந்த இன்னொருவரிடமும் கேட்க வேண்டும் என்பது நர்சுகளுக்கு விதி. ‘இதையே எத்தனை தடவ கேப்பீங்க’ என்று சனம் எரிந்து விழும். விழட்டும். இந்த வெற்றிச்செல்விக்கும் எரிந்து விழத் தெரியும்.

ரஞ்சன்குடியிலிருந்து உத்திராபதியைக் கொண்டுவந்தபோது காலை பத்து மணி. இடது கை துவண்டு கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மகன் திருமுருகன், அரியலூர் சிமெண்ட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த சட்டையோடு நின்றான். நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது.

“எட்டு மணிக்கு டீ குடிச்சாரு சிஸ்டர். நல்லாத்தான் இருந்தாரு.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். சீக்கிரம் ஊசியப் போடுங்க. லேட்டாயிட்டா போட மாட்டாங்களாம்ல?”

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. வழியிலேயே யாரோ ஓதியிருக்கிறார்கள்.

அவர் மனைவி பொன்னாயி சுவரோரம் நின்றிருந்தாள். “நீங்க சொல்லுங்கம்மா. காலையில நல்லா இருந்தாரா?”

அவள் மகனைப் பார்த்தாள். “அவந்தான் சொல்றானே.”

“நீங்க சொல்லணும்.”

“இருந்தாருங்க” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. டாக்டர் கலைமணி ஊசிக்குச் சம்மதித்தார். முதல் பங்கை நரம்பில் செலுத்தியதும் மீதி மெதுவாக இறங்கத் தொடங்கியது. கால் மணிக்கொரு தரம் பிரஷர், கண், கை, கால் எல்லாம் பார்க்க வேண்டும். தலைவலி என்று சொன்னாலோ வாந்தி எடுத்தாலோ ஆபத்து. உள்ளே கசிவதற்கு அதுதான் முதல் அறிகுறி. முதல் தடவை பார்த்தபோது எதுவும் மாறவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது.

“பக்கத்துல வந்து பேச்சுக் குடுங்கம்மா” என்றேன்.

“எங்கூடப் பேச மாட்டாருங்க.”

மூன்று மாதமாகவாம். அவள் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, இவர் போகவில்லை. சபையில் மானம் போச்சு என்று இவள் கத்தியதோடு பேச்சு நின்றுபோனது. அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு இவள் உள்ளே போய்விடுவாள். அவர் தின்றுவிட்டு எழுந்து போவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நல்ல வீறாப்பு.

அப்படியானால் காலையில் நன்றாக இருந்தார் என்று இவள் எதைப் பார்த்துச் சொன்னாள்? நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“நேத்து ராத்திரி பாருங்க, சோத்துல பாதியத் தின்னுட்டு மீதிய அப்படியே வச்சிட்டாரு, கோடு கிழிச்சாப்ல. கொழம்பு புடிக்கலன்னா வேணாங்கலாம்ல? என்னைய மட்டந்தட்டத்தான அப்புடி?”

“எந்தப் பக்கம் வச்சிருந்தாரும்மா?”

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

மூளையில் வலப்பக்கம் அடைத்தால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் படாது. தட்டில் பாதிச் சோறு இருக்கும், அவர்களுக்கு இருக்காது. இந்த மனுசன் கோபித்துக்கொண்டு வைக்கவில்லை. நேற்று ராத்திரியே அவருக்கு வந்துவிட்டது.

மருந்தை நிறுத்தினேன். டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. திருமுருகன் பக்கம் திரும்பினேன். “எட்டு மணிக்கு அவரப் பாத்தீங்களா, இல்லையா?”

“டம்ளர் காலியா இருந்துச்சு சிஸ்டர்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “குடிச்சிட்டுப் படுத்திருக்காருன்னு நெனச்சேன். ஊசி போட்டா கை வந்துடும்னு சொன்னாங்க. அதான் அப்புடிச் சொன்னேன்.”

கட்டிலில் உத்திராபதியின் வலது கை மெல்ல எழுந்து நெற்றியைப் பிடித்தது.

“ஏ பொன்னாயி.” குரல் குழறியது. “தல வலிக்குதுடி.”

பொன்னாயி ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இருண்டு கிடந்த முகம் இப்போதுதான் மலர்ந்தது.

“பேசிட்டாரு சிஸ்டர். எம்பேரச் சொல்லிப் பேசிட்டாரு. மருந்து வேல செய்யுதுங்கல்ல?”