பதிவுத் தபாலில் போன தேதி

அந்த அட்டையில் ஹால் பெயர் இல்லை. நேரம் இல்லை. பெண்ணைப் பெற்றவன் பெயர், அதாவது என் பெயர், இல்லவே இல்லை. என் மகளும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் ஒரு பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற போட்டோ. அதற்குக் கீழே ஐந்து மாதம் கழித்து வரப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அதற்கும் கீழே, 'இந்த நாளை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள்.' அவ்வளவுதான்.

"மூஞ்சியக் காட்டாம யாரைக் கூப்பிடுறீங்க?" என்றேன்.

"கூப்பிடலப்பா. அழைப்பிதழ் அப்புறம் வரும். வெளியூர்ல இருக்கறவங்க லீவு சொல்லணும், டிக்கெட் எடுக்கணும். அதுக்காகத் தேதிய மட்டும் முன்கூட்டியே சொல்றோம்."

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தடவை சொல்லணுமா? முதல் தடவை சொன்னா உங்க ஆளுங்களுக்குக் காது கேக்காதா?"

"இது யாருக்காகன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

என் மனைவியின் தம்பிக்காகத்தான். அவன் கப்பலில் தலைமைச் சமையல்காரன். ஏறும்போதே நாலு மாதமா ஒன்பது மாதமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், நடுவில் இறங்க முடியாது. அப்போது அவன் கரையில் இருந்தான். மாதக் கடைசியில் அடுத்த கப்பலுக்குக் கையெழுத்து. நாலு மாதம் என்று போட்டால் கல்யாணத்துக்கு இருப்பான். ஒன்பது என்றால் நடுக்கடலில் இருப்பான். என் மகளுக்குச் சைக்கிள் விடவும் நீந்தவும் சொல்லிக்கொடுத்தவன் அவன். எனக்கு அந்த நாளில் மில் கேட்டில் ராப்பகலாக ஷிப்ட். "மாமா வரலன்னா எனக்கு அது கல்யாணமே இல்ல" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். கத்திச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அவனும் நானும் பேசிப் பதினோரு வருடம். அப்போது பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் குளியலறைத் தண்ணீரை என் சுவர் ஓரமாகத் திருப்பிவிட்டான். வாயால் சொன்னேன், கேட்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் விட்டேன், ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து. அடுத்த வீட்டுக்குத் தபால் போட்ட மகராசன் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். தண்ணீர் நின்றது, பேச்சும் நின்றது. வீட்டை விற்றுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். எங்கள் மூன்று பேர் போன் நம்பரும் அவன் போனில் வராது, அடைத்து வைத்திருக்கிறான்.

போன மாதம் என் மனைவி கடைத்தெருவில் அவன் மனைவியைப் பார்த்துப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நாலு நாளில் அவனிடமிருந்து பதில் வந்தது. 'அவர் கையால ஒரு வரி எழுதி வரட்டும், வரேன்.'

ஆகவே அறுபத்து நான்கு அட்டையில் அறுபத்து மூன்றுக்கு மகள் விலாசம் எழுதினாள். ஒன்று என் தலையில் விழுந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன்.

"என்ன எழுதறது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தப்பு என்னோடதுன்னு எழுதுங்க."

"தண்ணி விட்டது அவன்."

"அப்ப வா தம்பின்னாவது எழுதுங்க."

உபரியாக அச்சடித்ததில் மூன்று அட்டையைக் கெடுத்து நாலாவதில் எழுதினேன்: 'தேதி மேலே உள்ளது. அவள் உன்னைக் கேட்கிறாள். வரவும்.' மனைவி வாங்கிப் படித்தாள்.

"கேட் பாஸ் மாதிரி இருக்கு" என்றாள். இருந்தாலும் கிழிக்கவில்லை. உறைமேல் விலாசமும் நானே எழுதினேன்.

தபாலில் சேர்க்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அதில்தான் நான் கவனமாக இருந்தேன், இருந்ததுதான் வினையாகப் போனது. முப்பத்திரண்டு வருடம் மில் கேட்டில் நின்றவன் நான். கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை, முதலாளியின் மச்சான் பையைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறேன். தெருவோரப் பெட்டிக்குள் கார்டைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று வீட்டில் உட்கார எனக்குத் தெரியாது. அறுபத்து நான்கையும் ரிஜிஸ்தர் செய்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் பேச்சு வரும்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா பையை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒப்புகையோட."

"எந்த பேங்க்குங்க?"

"பேங்க் இல்ல. கல்யாணம்."

அவள் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தாள். பின்னால் நின்றவர்கள் வேறு கவுண்டர் தேடிப் போனார்கள்.

நாலாம் நாள் போன் வர ஆரம்பித்தது. முதலில் மாப்பிள்ளையின் அப்பா. தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் மனிதர் வெலவெலத்துப் போய், உறையைப் பிரிக்காமலே தெரிந்த வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வக்கீல் பிரித்துப் பார்த்து, 'வாழ்த்துகள்' என்றாராம். என் பழைய சூப்பர்வைசர் வீட்டில் இல்லாததால் மறுநாள் தபால் ஆபீசுக்கே போய் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். "கவருக்குள்ள ஒரு பெஞ்ச் போட்டோதான் இருந்துச்சு" என்றார், கடுப்பாக. என் மனைவியின் சித்தி, தபால்காரரைப் பார்த்ததும் வீட்டில் யாரும் இல்லை என்று தானே ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறாள்.

"ரிஜிஸ்தர் பண்ணீங்களாப்பா?" என்றாள் மகள்.

"போய்ச் சேந்துச்சா இல்லையா? அதச் சொல்லு."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அசரவில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தேன். சனிக்கிழமை ஒரு உறையே திரும்பி வந்தது. என் கையெழுத்தில் என் மச்சான் பெயர். குறுக்கே சிவப்பு மையில் 'பெற மறுத்தார்' என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். அவள் தன் மகள் பிரசவத்துக்காக வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் வைத்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் திரும்ப நோட்டீஸ் விட்டுட்டார்னு இவர் கொதிச்சுப்போய் இருக்காரு அண்ணி."

"அது கல்யாணத் தேதி கார்டு."

"நானும் கார்டா இருக்கும்னுதான் சொன்னேன். உலகத்துல எவனும் கல்யாணத்துக்கு ஒப்புகை கேக்கமாட்டான்கறாரு. நான் என்னத்தச் சொல்ல, இங்க என் பொண்ணு வலில துடிக்குது. உங்க வீட்டுக்காரரையே நேர்ல போகச் சொல்லுங்க."

மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போனா மாமா வருவாரு" என்றாள். "ஆனா நோட்டீஸ் விட்டது நான் இல்ல. திங்கக்கிழமை கையெழுத்துன்னு நெனக்கறேன். நாளைக்கு ஞாயிறு."

ஞாயிறு காலை அந்த உறையை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கீழே பெரிய பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டான்.

"வாங்க வாச்மேன் சார்" என்றான். கதவைத் திறக்கவில்லை. "தபால்ல வாங்கலன்னதும் நேர்லயே கொண்டாந்துட்டீங்களா?"

"பிரிச்சுப் பாரு."

"நான் தொடமாட்டேன். தொட்டா வாங்கினதா ஆயிடும். நீங்களே பிரிங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உறையைக் கிழித்து அட்டையைக் கம்பிக்கு நேராகப் பிடித்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தான். முதலில் போட்டோவை. பிறகு நான் எழுதியதை. ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இவ முதுகு இவ்வளவு பெருசாயிடுச்சா" என்றான்.

"இருபத்தேழு வயசு."

"என்னிக்கு?"

"தேதி மேல இருக்கு."

பார்த்தான். விரல்விட்டு எண்ணினான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க உறையப் பாத்தேன், இனி கோர்ட்டு கேஸுன்னு அலையணும், அதுக்குக் கடலே தேவலன்னு ஒன்பது மாசத்துக்குப் போட்டேன். நாலுதான் போடறதா இருந்தேன். நாலுதான்."

எனக்கு மூன்று மாடி ஏறிய மூச்சு அப்போதுதான் வாங்கியது.

"மாத்து" என்றேன்.

"மாத்தறதுக்கு இது சட்டையா?"

"யார்கிட்ட கேக்கணும்?"

"ஏஜென்ட் ஆபீஸ்ல. நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பாங்க. ஆனா நான் கேக்கமாட்டேன். மூணு நாள்ல பேச்சு மாத்தறவன்னு பேரெடுத்தா அடுத்த கப்பல் கிடைக்காது. கேக்கறதா இருந்தா நீங்க வந்து கேளுங்க." இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பிவிட்டான். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றேன். நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர், எல்லார் காலடியிலும் பை. அவன் என்னைப் பார்த்தும் பாராத மாதிரி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். முறை வந்ததும் கவுண்டருக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு பெண் அவன் பைலை எடுத்து வைத்தாள்.

"ஒன்பது மாசத்த நாலாக்கணுமா? வெள்ளிக்கிழமைதானே போட்டீங்க. என்ன காரணம்?"

அவன் தாடையால் என்னைக் காட்டினான்.

"கல்யாணக் கார்டு அனுப்பினேன்" என்றேன். "நோட்டீஸ்னு நெனச்சுத் திருப்பிட்டான்."

"ஏன் அப்படி நெனச்சாரு?"

"ரிஜிஸ்தர்ல அனுப்பினேன்."

"கல்யாணக் கார்டயா? ஏன்?"

"போய்ச் சேரணுமேன்னு."

பின்னால் நாற்காலிகளில் சிரிப்புக் கிளம்பியது. "பெரியவரே, ரெண்டு போலீஸ அனுப்பியிருந்தா இன்னும் சீக்கிரம் போயிருக்குமே" என்றான் ஒருவன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நான் மேல எழுதி அனுப்பணும், அதனால கேக்கறேன். இவரு காரணமில்லாம பின்வாங்கலன்னு தெரியணும். முன்னாடி இவருக்கு நீங்க நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்களா?"

"ஒரு தடவ."

"அப்ப இந்தக் குழப்பம் உங்க தப்புன்னு எழுதலாமா?"

தண்ணீர் விட்டது அவன்தான் என்று தொண்டை வரை வந்தது. அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். என் பக்கத்தில் அவன் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தப்புதான். எழுதிக்கங்க" என்றேன். தபால் விஷயத்தில் மட்டும் என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றியது. சேர்க்கவில்லை.

எழுதினாள். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். "நாலு மாசத்துக்கு ஒரே ஒரு கப்பல்தான் இருக்கு. அதுல தலைமை இடம் காலி இல்ல. உதவிச் சமையல்காரரா ஏறணும். சம்மதமா?"

பதினாறு வருடமாகத் தலைமைச் சமையல்காரன். இந்த வருடக் கணக்கு எனக்கு முன்பு தெரியாது, பைலைப் பார்த்து அவள்தான் சொன்னாள். வேண்டாம் என்று நானே சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அவன் பேனாவை வாங்கினான்.

"எவன் எவனுக்கோ வெங்காயம் உரிக்கப் போறேன்" என்றான் என்னைப் பார்க்காமல். "உங்க தபால் புத்தியால." கையெழுத்துப் போட்டான்.

என் போனை எடுத்து மகளுக்குப் போட்டு அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "நான்தான்டி" என்றான். அப்புறம் நிறையப் பேசினான், எனக்குக் கேட்காத குரலில். ஒரு தடவை சிரித்தான். "ஆமா, இங்கதான் நிக்கறாரு" என்றும் ஒரு தடவை சொன்னான்.

முடித்ததும் போனை என் கையில் தரவில்லை. கவுண்டர்மேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டான்.

எடுத்துக் காதில் வைத்தேன். அவள் இன்னும் லைனில் இருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பா."

"சொல்லு."

"அழைப்பிதழ நானே அனுப்பிக்கறேன். நீங்க ஒண்ணத்தையும் தொடக்கூடாது."

"சரி" என்றேன்.