இரண்டு விரற்கடை

"இன்னும் ஒரு பல்லு மேல தூக்கணும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மறுபடியும் ஸ்பானரைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கிக் கரமனை ஆற்றில் வீசியிருப்பேன். காலையிலிருந்து இது பதினோராவது தடவை. திரவியம் அண்ணனின் ஒர்க்ஷாப் என்பது நாலு கம்பமும் ஒரு தகரக் கூரையும்தான். அதன் நடுவில் ஸ்டாண்டில் நின்ற மோட்டார் சைக்கிளின் மேல் என் வீட்டுக்காரர் ராஜையன் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் கீழே எண்ணெய்த் தரையில் குந்தி, ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப்பால் அவருடைய வலது பூட்ஸுக்கும் கியர் லீவருக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தேன். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு நாளில் அந்த வண்டியின் வலது பக்கத்தை என் தையல் மெஷினைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன்.

வண்டிக்கு வலது பக்கம், கால் வைக்கும் கம்பிக்கு முன்னால் கியர் லீவர் இருக்கிறது. முதல் கியருக்கு அதைக் கீழே மிதிக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கியருக்கும் லீவருக்கு அடியில் விரலைக் கொடுத்து மேலே தூக்க வேண்டும். கால் உள்ள எவனும் யோசிக்காமல் செய்கிற காரியம். இவருக்குக் கணுக்கால் அசையாது. பர்மாவில் பட்டாளத்து லாரி ஏறிய கால் அது. ஆஸ்பத்திரியில் எப்படியோ ஒட்டவைத்து அனுப்பினார்கள். இரண்டு விரல் போயிற்று, மீதி மூன்றுக்கும் உயிரில்லை. கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடித்து, டயரை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டி, வலது பூட்ஸுக்கு மட்டும் இரண்டு விரற்கடை உயரத்துக்கு அடி போட்டு வாங்கினோம். அதைப் போட்டால் நொண்டுவது அவ்வளவாகத் தெரியாது. பூட்ஸின் கட்டியான முனைதான் அவருக்கு விரல்.

அந்தத் தடித்த அடி இப்போது லீவருக்குக் கீழே நுழைய மாட்டேன் என்றது. அதனால் லீவரை, பல்லுப் பல்லாக வெட்டிய தண்டிலிருந்து கழற்றி, ஒரு பல் திருப்பி மாட்ட வேண்டும். ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டியது என்றால் மறுபடி கழற்ற வேண்டும். கால் வைக்கும் கம்பியையும் கொஞ்சம் பின்னால் தள்ளினார். கணுக்கால் மடங்காததால் தொடையோடு சேர்த்துக் காலைத் தூக்கித்தான் அவர் கியர் போட வேண்டியிருந்தது.

"ஓய், தொடையால கியர் போடுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் திரவியம் அண்ணன். "கம்பெனி வண்டியாக்கும். லீவர ஒடிச்சு என் தலையில வச்சிராதயும்."

இவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தொடையைத் தூக்கினார். லீவர் மேலே போய் 'டக்' என்று விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி 'டக்'. என் டேப்பை நானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பூட்ஸின் தடித்த அடி நுழைய லீவர் சரியாக இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது. ரவிக்கையில் கழுத்து அளவு சரியாக உட்கார்ந்தால் வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. வெட்கம் கெட்டுப்போய் அந்த அழுக்கு லீவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அது வெறும் வேலைக்கான நிம்மதி இல்லை. நாலு மாதம் முன்னால் ஒரு மத்தியானம் துணி துவைக்க ஆற்றுக்குப் போனபோது, படித்துறையில் இவருடைய சட்டை மடித்து வைத்திருந்தது. மேலே பட்டாளத்து இடுப்புப் பட்டை, அதற்கு மேலே பறக்காமலிருக்க ஒரு கல். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். இவருக்கு நீச்சல் தெரியாது. நான் சத்தம் போடவில்லை. துவைக்கிற கல்லில் துணியை ஓங்கி ஓங்கி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் இவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அன்றைக்குக் காலையில் வேலை கேட்டுப் போன ஒன்பதாவது இடத்தில் இவருடைய காலைப் பார்த்துவிட்டு "ஆட்டும், சொல்லி அனுப்புறோம்" என்றிருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் துணி துவைக்கப் போகாத நேரத்திலும் படித்துறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இந்த வேலை திரவியம் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. ரப்பர் கம்பெனி ஒன்று, யுத்தம் முடிந்து பட்டாளம் விற்ற வண்டியை வாங்கி அவரிடம் சரிபார்க்க விட்டிருந்தது. மலையிலிருக்கிற எஸ்டேட்டுக்கும் டவுன் ஆபீசுக்கும் தினம் காகிதம் கொண்டுபோக ஆள் வேண்டும். பர்மாவில் இவர் செய்ததும் அதே வேலைதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். கடிதத்தை நான்தான் எழுதினேன். "உடம்புக்குக் குறையொன்றுமில்லை" என்ற வரியையும் நான்தான் எழுதினேன். இவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை தைக்காட்டில் மானேஜர் பங்களாவில் வந்து ஓட்டிக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது.

திங்கட்கிழமை காலையில் ஜெபம் பண்ணிவிட்டு இவருக்கு வலது பூட்ஸை மாட்டிவிட்டேன். அது ஒரு தனிப் பாடு. மடங்காத கால் பூட்ஸுக்குள் தானாக இறங்காது. நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்து, குதிகாலை என் முழங்காலில் வைத்து அழுத்தி, கயிற்றைக் கண் கண்ணாகக் கோத்து இறுக்க வேண்டும். ஒரு நாளும் இவர் தனியாக அதை மாட்டியதில்லை. அப்போதுதான் என் வாயில் சனியன் புகுந்தது.

"வாசல் நடையில ஏறும்போது பூட்ஸக் கழட்டிருங்க, கேட்டியளா."

"எதுக்கு?"

"எதுக்கா? ஐயரு வீடு. மானேஜரு. அவரு முன்னால பூட்ஸோட போய் நிப்பியளா?"

"பட்டாளத்துல ஆபீஸர் முன்னால பூட்ஸு இல்லாம நின்னா தண்டனையாக்கும்."

"இது பட்டாளம் இல்ல. ஏறின வேகத்துல இறங்கச் சொல்லிருவாரு. எங்க அப்பா வக்கீல் வீட்டுக்கு நெல்லு கொண்டு போவும்போ தெருமுனையிலயே செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்கிடுவாரு. மரியாதைக்கு மரியாதை. பேசி முடிச்சிட்டு இறங்கி வந்து போட்டுக்கிட்டா ஆச்சு."

போட்டுக்கிட்டா ஆச்சு! யார் மாட்டிவிடுவது? கையில் பூட்ஸ் கயிறு இருக்கும்போதே அதைச் சொன்னேன். அந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன? இவருக்கும் அன்றைக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்.

திரவியம் அண்ணன் வண்டியை முன்னாலேயே கொண்டுபோய் பங்களா முற்றத்தில் நிறுத்தியிருந்தார். நான் கேட்டுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மாமரத்தடியில் நின்றேன். உள்ளே எல்லாம் தெரிந்தது. இவர் மெல்ல நடந்து போனார், நொண்டல் தெரியவில்லை. நடையின் கீழ்ப்படியில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். கழற்றுவதற்கே எவ்வளவு நேரமாயிற்று! எழுந்து நின்றதும் ஆள் ஒரு பக்கம் சாய்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மறுபடி மாட்டிவிட நான் பக்கத்தில் இல்லை.

மானேஜர் சாம்பசிவ ஐயர் உள்ளே கூப்பிடவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு அவரே நடைக்கு வந்துவிட்டார்.

"நீதானா ராஜையன்? லெட்டர் பார்த்தேன், கையெழுத்து முத்து முத்தா இருந்தது. பேச்செல்லாம் அப்பறம். முத்தத்தை ஒரு சுத்து சுத்திட்டு, வெளியே மேட்டுல ஏறித் திரும்பி வா. நேக்கு ஆபீஸுக்கு நேரமாறது."

அவர் நின்றது பூட்ஸுக்குப் பக்கத்துப் படியில். அவருடைய காலடியில் போய் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கிக் காட்டி, மாட்ட முடியாத பூட்ஸை மாட்டப் பார்க்க இவருக்கு மனம் வரவில்லை. திரும்பி வெறுங்காலோடு வண்டிக்குப் போனார். 'கேளுங்களேன், ஒரு நிமிஷம் தாருங்கோன்னு கேளுங்களேன்' என்று மரத்தடியில் நின்று முணுமுணுத்தேன். அது யாருக்குக் கேட்கும்?

வண்டிக்குப் பக்கத்தில் நின்று இடது காலால் உதைத்துக் கிளப்பினார். ஏறி உட்கார்ந்து முதல் கியரை மிதித்தார், விழுந்தது. வண்டி புறப்பட்டது. முற்றத்து வளைவில் தொடையைத் தூக்கினார். இரண்டு நாள் நான் அளந்து அளந்து வைத்த இரண்டு விரற்கடை இப்போது வெறும் காற்றாக நின்றது. கால் அதைத் தாண்டி லீவரைத் தொட்டதும் உயிரில்லாத விரல்கள் மடங்கி வழுக்கின. மறுபடி தூக்கினார், மறுபடி வழுக்கியது. எஞ்சின் முதல் கியரிலேயே தொண்டை கிழியக் கத்தியது. இவர் வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து, குனிந்து, கையால் லீவரைத் தூக்கப் பார்த்தார். கை எடுத்ததும் வண்டி துவண்டு பூந்தொட்டிப் பக்கம் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினார். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. நிறுத்தவும் மனமில்லை, வெளியே போகவும் வழியில்லை. முகம் வெளுத்துப்போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தார். படித்துறையில் தண்ணீருக்குள் நின்றபோது இருந்த அதே முகம்.

"என்னடா இது! கியரை மாத்தேண்டா! வண்டி கதறறதே!"

எஞ்சின் குலுங்கி நின்றுவிட்டது. கியர் லீவரில் ரத்தம் இருந்தது. மானேஜர் இவருடைய காலைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் படியைப் பார்த்தார்.

"இதென்ன, பூட்ஸ் ஒண்ணு உசரம், ஒண்ணு கட்டை?"

இவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். திரவியம் அண்ணன் எங்கேயோ வானத்தைப் பார்த்தார்.

நான் எப்படிச் சாலையைத் தாண்டினேன், கேட்டை எப்படித் திறந்தேன், தெரியாது. படியில் இருந்த வலது பூட்ஸை எடுத்தபோது மானேஜர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"யாரு நீ?"

"அவரு வீட்டுக்காரி. அந்த லெட்டர் எழுதினது நானாக்கும் சார். குறையில்லன்னு எழுதினது என் கை. பூட்ஸக் கழட்டச் சொன்னது என் வாய். அவரு மேல தப்பு ஒண்ணும் இல்ல. யுத்தத்துல மிதிபட்ட காலாக்கும். வண்டியில எல்லாம் இந்த பூட்ஸுக்கு அளவெடுத்து மாட்டியிருக்கு. இத மாட்டிட்டு ஒரே ஒரு தடவ ஓட்டச் சொல்லுங்க சார். பொறவு எங்கள வெரட்டுங்க."

மறைக்கத்தான் அத்தனை பாடுபட்டோம். அதை நானே முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டார் என்று தோன்றியது. பார்க்காமல் போகட்டும். ஆற்றுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

மானேஜர் 'ஆகட்டும்' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்தார். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரளைக் கல்லில் முழங்காலை ஊன்றினேன். வண்டிமேலிருந்து தொங்கிய காலை எடுத்து மடியில் வைத்து, ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன். பூட்ஸின் நாக்கை இழுத்துப் பிடித்துக் குதிகாலை அழுத்தினேன். கால் உள்ளே இறங்கும்போது இவருக்கு மூச்சு நின்று வந்தது. கயிற்றுக்குப் பன்னிரண்டு கண். தலைக்கு மேலே கடிகாரத்தின் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். நாலாவது கண்ணில் கயிற்று நுனி பிரிந்து நுழையாமல் நின்றது. நூலை நனைப்பதுபோல அதை வாயில் வைத்து ஈரப்படுத்திக் கோத்தேன். ரத்தமும் எண்ணெயும் நாக்கில் பட்டன.

கடைசி முடிச்சுக்கு வந்தபோது வண்டிமேலிருந்து இவருடைய குரல் வந்தது. கேட்டைப் பார்த்தபடிதான் பேசினார்.

"இறுக்கிக் கட்டுட்டி."

நான் கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன்.